ஆஃப்சைடு: நிற்கும் இடமும் செய்யும் செயலும்

கால்பந்தின் 17 விதிகளில் 11-ஆவது விதி ஆஃப்சைடு பற்றியது. எதிரணியின் கோலுக்கு அருகே முன்கூட்டியே போய் நின்றுகொண்டு பந்துக்காகக் காத்திருப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். விதியின் வாசகம் சிறியது. ஆனால் மைதானத்தில் அதைப் பொருத்திப் பார்க்கும்போது எழும் வாக்குவாதம் ஒன்றரை நூற்றாண்டாக ஓயவில்லை. இரு வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அந்த வாக்குவாதத்தில் பெரும்பகுதி வருகிறது. ஆட்டக்காரர் எங்கே நின்றார் என்பது ஒரு கேள்வி. அங்கே நின்று அவர் என்ன செய்தார் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதை அளந்து பார்க்கலாம். இரண்டாவதை யாராவது ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும்.

கடலூர் மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். அதே அணியின் முன்கள வீராங்கனை சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிக்காரர். சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்தவர்கள் தமிழகத்தின் பல பள்ளிகளில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். பள்ளிப் போட்டிகளில் விசில் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர் கையில்தான். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் அந்தப் போட்டிகளில் ஒரே ஒரு கோல் செல்லாமல் போனாலும் ஓர் அணியின் அந்த ஆண்டுப் பயணம் முடிந்துவிடும். மாநில அளவில் ஆடிய சான்றிதழுக்கு விளையாட்டு விடுதியிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் மதிப்பு உண்டு. தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஆஃப்சைடு என்பது வெறும் விளையாட்டு நுணுக்கம் அல்ல.

விளக்கத்துக்காக, கடலூர் அணியும் சிதம்பரம் அணியும் மோதுவதாக வைத்துக்கொள்வோம். கடலூர் அணி தாக்குகிறது. சிதம்பரம் அணி தடுக்கிறது.

நிற்கும் இடம்

கடலூர் அணியின் 9-ஆம் எண் வீராங்கனை ஆஃப்சைடு நிலையில் இருக்கிறார் என்று சொல்ல மூன்று நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். அவர் எதிரணியின் பாதியில் இருக்க வேண்டும். பந்தைவிடக் கோல் கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆட்டக்காரரைவிடவும் கோல் கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். பந்துக்கோ அந்த இரண்டாவது ஆட்டக்காரருக்கோ நேர்கோட்டில் நின்றால் ஆஃப்சைடு இல்லை.

தலை, உடல், பாதம் ஆகியவற்றில் எந்தப் பகுதி முன்னே நீட்டிக்கொண்டிருந்தாலும் கணக்கில் வரும். கைகள் வராது, கோல்கீப்பரின் கைகளும்கூட. கை எங்கே தொடங்குகிறது என்ற சந்தேகத்துக்கும் விதியிலேயே விடை உண்டு: அக்குளின் அடிமட்டத்துக்குக் கீழே இருப்பது கை, அதற்கு மேலே தோள். தோளால் கோல் போடலாம் என்பதால் அது கணக்கில் சேரும்.

கடைசி ஆள் கோல்கீப்பர்தான் என்று பலரும் பழக்கத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. கோல்கீப்பர் முன்னேறி வந்துவிட்டால் எஞ்சியிருக்கும் ஒரே தடுப்பாட்டக்காரர்தான் கடைசி ஆள். இரண்டாவது ஆளை வேறெங்கோ தேட வேண்டும். 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே இது நடந்தது. கத்தாருக்கு எதிராக எக்குவடோரின் என்னர் வலென்சியா மூன்றாவது நிமிடத்தில் போட்ட கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கத்தார் கோல்கீப்பர் பந்துக்காக முன்னே பாய்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கத்தார் வீரர் ஒருவர் நின்றார், எனவே எல்லாம் சரியென்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் அந்த ஒருவர் போதவில்லை. தாக்குதலில் பங்கெடுத்த எக்குவடோர் வீரர் மிக்கேல் எஸ்ட்ராடாவின் கால் இரண்டாவது ஆளைத் தாண்டியிருந்தது.

நிலையைப் பார்க்க வேண்டிய கணம், சக ஆட்டக்காரர் பந்தைத் தொடும் கணம். பந்து போய்ச்சேரும் கணம் அல்ல. உள்ளூர் ஆட்டங்களில் எழும் கூச்சலில் பாதிக்குக் காரணம் இதுதான். 7-ஆம் எண் பந்தை உதைத்தபோது 9-ஆம் எண் கோட்டுக்குப் பின்னால் இருந்தார். பந்தை வாங்கும்போது ஐந்து மீட்டர் முன்னால் இருந்தார். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அந்த ஐந்து மீட்டர்தான் தெரியும். நல்ல ஓட்டம் ஓடியதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது.

த்ரோ-இன், கார்னர் கிக், கோல் கிக் ஆகிய மூன்றிலிருந்தும் நேரடியாக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. கடற்கரைக் கால்பந்திலும் ஃபுட்சாலிலும் இந்த விதியே இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஆடிப் பழகிய பிள்ளைகள் பதினொருவர் ஆட்டத்துக்கு வரும்போது முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம், கோல் அருகே நிலையாக நிற்பது.

கண் செய்யும் பிழை

நிலையை அளக்கலாம் என்றாலும், கேமரா இல்லாத மைதானத்தில் அளவுகோல் மனிதக் கண்தான். உதைப்பவரையும் ஓடுபவரையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். இருவருக்கும் இடையே நாற்பது மீட்டர்கூட இருக்கும். தாக்குபவர் வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் முன்னே ஓட, தடுப்பவர் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் ஏறி வந்தால், பத்தில் ஒரு வினாடிக்குள் இருவருக்கும் இடையே 1.2 மீட்டர் மாறிவிடும். கொடி பிடிப்பவர் ஒருமுறை கண் சிமிட்டினால் தீர்ப்பும் மாறும்.

அவர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். துணை நடுவர் இரண்டாவது தடுப்பாட்டக்காரருக்கு நேராக நிற்காமல் கோல் கோட்டுப் பக்கம் ஒரு மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். தடுப்பாட்டக்காரருக்கு அப்பால், மைதானத்தின் தூரப் பக்கத்தில் ஓடும் முன்கள வீரர் சரியான நிலையில் இருந்தாலும் முன்னே இருப்பதுபோலத் தோன்றும். துணை நடுவருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் இடையே ஓடுபவர் உண்மையிலேயே முன்னே இருந்தாலும் பின்னே இருப்பதுபோலத் தோன்றும். இதில் பாரபட்சம் ஏதும் இல்லை, பார்வைக் கோணத்தின் கணக்கு அது. கொடி தவறாக ஏறியதும் கொடிக்காரர் காசு வாங்கிவிட்டார் என்று கத்துபவர்கள், அவர் காலடி எங்கே இருந்தது என்று ஒருமுறை பார்த்தால் நல்லது.

இந்த வேலையை உலக மேடையில் செய்தவர் தமிழகத்திலிருந்தே போயிருக்கிறார். 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்த கே. சங்கர் சென்னைக்காரர். பின்னாளில் திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பெற்றார்.

செய்யும் செயல்

ஆஃப்சைடு நிலையில் நிற்பதே தவறு அல்ல. விதியே இப்படித்தான் தொடங்குகிறது. அந்த நிலையில் இருப்பவர் ஆட்டத்தில் பங்கெடுத்தால் மட்டுமே தவறு. பங்கெடுப்பது மூன்று விதம்: சக ஆட்டக்காரர் அனுப்பிய பந்தைத் தொடுவது, எதிராளிக்கு இடையூறு செய்வது, கம்பத்திலோ எதிராளியிடமோ பட்டுத் திரும்பும் பந்தால் ஆதாயம் அடைவது.

முதலாவதும் மூன்றாவதும் ஏறக்குறையத் தெளிவானவை. சிக்கல் இரண்டாவதில். சிதம்பரம் கோல்கீப்பரின் கண்ணுக்கு நேரே 9-ஆம் எண் நிற்கிறார்; 7-ஆம் எண் தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போகிறது. 9-ஆம் எண் பந்தைத் தொடவே இல்லை. ஆனால் கோல்கீப்பருக்குப் பந்து கண்ணில் படாதபடி அவர் தெளிவாக மறைத்திருந்தால் தவறு. மறைத்தாரா இல்லையா என்பதைக் கோல்கீப்பரின் இடத்திலிருந்து யோசித்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் துணை நடுவருக்கு அந்தக் கோடு தெரியாது, நடுவருக்குத்தான் தெரியும். எனவே இருவரும் பேசாமல் இதற்குத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

பந்துக்காக எதிராளியோடு மோதினாலும் தவறு. அருகில் இருக்கும் பந்தை ஆட வெளிப்படையாக முயன்று, அதனால் எதிராளி பாதிக்கப்பட்டாலும் தவறு. எதிராளி பந்தை ஆடும் திறனைத் தெளிவாகப் பாதிக்கும் வெளிப்படையான செயல் எதைச் செய்தாலும் தவறு. ‘தெளிவாக’, ‘வெளிப்படையாக’ என்ற இரு சொற்களும் இங்கே பெரிய சுமையைத் தாங்குகின்றன.

எவ்வளவு சுமை என்பதை 2023 ஜனவரி 14 அன்று மான்செஸ்டரில் பார்த்தோம். யுனைட்டெட் அணியின் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் தெளிவாக ஆஃப்சைடு நிலையில் இருந்தார். கசெமிரோ அனுப்பிய பந்தின் பின்னாலேயே, அதை ஒட்டியே ஓடினார். உதைக்கப் போவதுபோலத் தோன்றினார், ஆனால் தொடவில்லை. பின்னாலிருந்து வந்த புரூனோ ஃபெர்னாண்டஸ் அதைக் கோலாக்கினார். துணை நடுவர் கொடி உயர்த்தினார். நடுவர் ஸ்டூவர்ட் அட்வெல் அவரோடு பேசிவிட்டுக் கோலைக் கொடுத்தார். அதுவரை 1–0 என்று முன்னிலையில் இருந்த சிட்டி, நான்கே நிமிடத்தில் இன்னொரு கோலையும் வாங்கி 2–1 என்று தோற்றது.

ராஷ்ஃபோர்ட் பந்தைத் தொடவில்லை, யாரையும் இடிக்கவில்லை, யாருடைய பார்வையையும் மறைக்கவில்லை என்று ஒரு தரப்பு வாதிட்டது. அவர் ஓடியதால்தான் சிட்டி தடுப்பாட்டக்காரர்கள் அவரைத் துரத்தினார்கள், கோல்கீப்பர் அவரை எதிர்பார்த்து நின்றார் என்றது மறு தரப்பு. விதியின் சொற்களை வரிவரியாக எடுத்தால் முதல் தரப்புக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கட்டுரையின் பார்வையில் இரண்டாவது வாதமே வலுவானது. பல மீட்டர் தூரம் பந்தைத் தன் காலடியில் வைத்திருப்பதுபோல ஓடுவது வெளிப்படையான செயல் இல்லையென்றால், வேறு எது வெளிப்படையான செயல்? அவரை விட்டுவிட்டுப் பின்னால் வருபவரைப் பார்க்க வேண்டும் என்று எந்தத் தடுப்பாட்டக்காரரிடமும் எதிர்பார்க்க முடியாது.

இதே சம்பவம் கடலூர் மைதானத்தில் நடந்தால், நடுவர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: 9-ஆம் எண் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் சிதம்பரம் தடுப்பாட்டக்காரர் அந்தப் பந்தை அடைந்திருப்பாரா? ஆம் என்றால் கொடி சரி. பத்து மீட்டர் தள்ளி, ஆட்டத்தோடு தொடர்பின்றி நடந்து திரும்பிக்கொண்டிருந்தார் என்றால் கொடி தேவையில்லை.

வேண்டுமென்றே ஆடிய பந்து

இன்னொரு சிக்கல் தடுப்பவரின் தொடுகையில் வருகிறது. ஆஃப்சைடு நிலையில் இருப்பவருக்குப் போகும் பந்தை இடையில் எதிராளி ஒருவர் வேண்டுமென்றே ஆடினால், பழைய ஆஃப்சைடு கழிந்துவிடும். பந்து அவர் மீது பட்டுத் திசைமாறினால் கழியாது. கோலுக்குள் போகும் பந்தைத் தடுக்கும் முயற்சியாக இருந்தாலும் கழியாது. கேட்கும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் காலை நீட்டி, எட்டியும் எட்டாமலும் பந்தை உரசிய தடுப்பாட்டக்காரர் ஆடினாரா, பட்டுக்கொண்டாரா?

2021 அக்டோபர் 10 அன்று மிலானில் நடந்த நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டம் இந்தக் கேள்வியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. தியோ எர்னாண்டஸ் பந்தை அனுப்பியபோது பிரான்ஸின் கிலியான் எம்பாப்பே ஆஃப்சைடு நிலையில் இருந்தார். ஸ்பெயினின் எரிக் கார்சியா சறுக்கிப் பாய்ந்து பந்தை லேசாகத் தொட்டார். அது வேண்டுமென்றே ஆடியது என்று கருதப்பட்டது. எம்பாப்பே போட்ட கோல் செல்லும் என்றானது. பிரான்ஸ் 2–1 என்று வென்றது. கார்சியா பாயாமல் சும்மா நின்றிருந்தால் கொடி உயர்ந்திருக்கும். முயன்றவர் தண்டனை பெற்றார், நின்றிருந்தால் தப்பித்திருப்பார். விதி அதன் நோக்கத்துக்கே எதிராகத் திரும்பிய இடம் இது.

அதன்பின் 2022 ஜூலையில் விதிகளை வகுக்கும் பன்னாட்டுக் கால்பந்துச் சங்க வாரியம் புதிய விளக்கம் தந்தது. பந்தை நோக்கி அசைந்தாலே ஆடியதாகிவிடாது. பந்தைக் கட்டுப்படுத்தவோ, சக ஆட்டக்காரருக்கு அனுப்பவோ, வெளியேற்றவோ அவருக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பு இருந்ததற்கான அடையாளங்களையும் வாரியம் சொன்னது. பந்து தொலைவிலிருந்து வந்தது, அவர் அதைத் தெளிவாகப் பார்த்தார். பந்தின் வேகம் அதிகமில்லை. வந்த திசை எதிர்பாராதது அல்ல. உடலை நிதானப்படுத்திக்கொள்ள நேரம் இருந்தது. காற்றில் வரும் பந்தைவிடத் தரையில் வரும் பந்தை ஆடுவது எளிது என்பதையும் கருத வேண்டும்.

நம் ஊர்த் திடல்களுக்கு இந்த விளக்கம் மிகவும் பொருந்தும். புல் இல்லாத, மேடுபள்ளமான தரையில் பந்து நினைத்த பக்கம் போகாது. கல்லில் பட்டு எகிறும். சிதம்பரம் தடுப்பாட்டக்காரர் குனிந்து வாங்கப் போகிறார், கடைசி நொடியில் பந்து எகிறி முழங்காலில் பட்டு 9-ஆம் எண்ணிடம் போகிறது. எதிர்பாராத திசை என்ற அடையாளத்தை இங்கே தயங்காமல் பயன்படுத்தலாம்: அது பட்டுத் திசைமாறிய பந்து, ஆஃப்சைடு கழியவில்லை. அதே தடுப்பாட்டக்காரர் நிதானமாக நின்று, தன் கோல்கீப்பருக்குப் பந்தை மெதுவாகத் திருப்பி அனுப்ப, அதை 9-ஆம் எண் இடைமறித்தால் கோல் செல்லும். மோசமாக ஆடினார் என்பது ஆடவில்லை என்பதாகாது.

கோட்டுக்கு வெளியே விழுந்தவர்

அரிதாக வரும் ஒரு நிலையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நடக்கும்போது யாருக்கும் விடை தெரிவதில்லை. 2008 ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலியின் கிறிஸ்டியான் பனுச்சி தன் கோல்கீப்பர் மோதியதில் கோல் கோட்டுக்கு வெளியே விழுந்து கிடந்தார். அந்த நேரத்தில் நெதர்லாந்தின் ரூட் வான் நிஸ்டல்ரோய் கோல் போட்டார். மைதானத்துக்குள் அவருக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டுமே இருந்ததால் இத்தாலியர்கள் கொதித்தார்கள். கோல் சரியானதுதான். நடுவர் அனுமதியின்றி வெளியே போன தடுப்பாட்டக்காரர் கோல் கோட்டின்மேல் இருப்பதாகவே கருதப்படுவார். இல்லையென்றால் எதிராளியை ஆஃப்சைடில் மாட்டவைக்க யார் வேண்டுமானாலும் கோட்டைத் தாண்டிக் குதித்துவிடலாம்.

விதி எந்தப் பக்கம் சாய்ந்து வந்திருக்கிறது

1863-இல் எழுதப்பட்ட முதல் விதிகளில் பந்துக்கு முன்னால் நின்றாலே ஆஃப்சைடுதான். 1866-இல் மூன்று எதிராளிகள் முன்னால் இருந்தால் போதும் என்றானது. 1925-இல் மூன்று இரண்டானது. அந்த மாற்றத்தின் விளைவு உடனே தெரிந்தது: இங்கிலாந்தின் முதல் பிரிவு லீக்கில் 1924–25-இல் 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 1,703 ஆயின. 1990 முதல் நேர்கோட்டில் நிற்பவருக்கும் விலக்கு கிடைத்தது. பெரிய திருத்தங்கள் எல்லாம் தாக்குபவருக்கே சாதகமாகப் போயிருக்கின்றன. சந்தேகம் வந்தால் கொடியைக் கீழேயே வைத்திரு என்று கொடிக்காரர்களுக்குச் சொல்லப்பட்டு வந்ததும் இந்தப் போக்கை ஒட்டியே.

கேமரா வந்ததும் அது தலைகீழானது. 2022 உலகக் கோப்பையில் 12 கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 முறை பதிவு செய்தன. பந்துக்குள் இருந்த கருவி வினாடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. சவூதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் பாதியில் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று நீக்கப்பட்டன. கடைசியில் அர்ஜென்டினா 1–2 என்று தோற்றது. கண்ணுக்கு நேர்கோடாகத் தெரிவது கேமராவுக்கு நேர்கோடு இல்லை. ஆனால் கேமராவுக்கும் எல்லை உண்டு. வினாடிக்கு 50 படம் என்றால் இரு படங்களுக்கு இடையே 0.02 வினாடி. முன்பு சொன்ன வேகத்தில் அதற்குள் இருவருக்கும் இடையே 24 சென்டிமீட்டர் மாறியிருக்கும். சாதாரண ஒளிபரப்புப் படத்தில் கோடு போட்டு, தோளின் ஓரம் முன்னே இருக்கிறது என்று அறிவிப்பதில் இருக்கும் உறுதி சற்று மிகையானதே. இங்கிலாந்து பிரீமியர் லீக் 2021-இல் தடித்த கோடுகளுக்கு மாறியதன் காரணம் இதுதான்.

ஃபிஃபாவில் பொறுப்பு வகிக்கும் ஆர்சென் வெங்கர் வேறு வழி சொல்கிறார். உடலில் கோல் போடத்தக்க எந்தப் பகுதியாவது தடுப்பவரோடு நேர்கோட்டில் இருந்தால் ஆஃப்சைடு இல்லை. இருவருக்கும் இடையே வெளிச்சம் தெரியும் இடைவெளி இருந்தால்தான் ஆஃப்சைடு. இது சோதனை அளவில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. கேமரா உள்ள மைதானத்தில் இதுவும் இன்னொரு கோட்டில் அதே மில்லிமீட்டர் சண்டையாகத்தான் முடியும். கேமரா இல்லாத கடலூரிலும் சிதம்பரத்திலும் இது உண்மையிலேயே உதவும், ஏனென்றால் இடைவெளியைக் கண் எளிதில் பார்க்கும்.

கொடியே இல்லாத ஆட்டம்

உள்ளூர் ஆட்டங்கள் பலவற்றில் நடுநிலையான துணை நடுவர்கள் கிடைப்பதில்லை. இரு அணிகளும் ஆளுக்கொருவரைக் கோட்டுக்கு அனுப்புகின்றன. அப்படி வருபவர்களிடம் பந்து வெளியே போனதா என்பதை மட்டும் கேட்டு, ஆஃப்சைடை நடுவரே பார்ப்பதுதான் நல்லது. இதை ஆட்டத்துக்கு முன் இரு தலைவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் சண்டை. தனியாக நிற்கும் நடுவர் நிலையைச் சில நேரம் தவறவிடுவார், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஆட்டக்காரர் பங்கெடுத்தாரா என்பதைப் பார்க்க அவரைவிட நல்ல இடத்தில் யாரும் இல்லை. விசிலுக்கு முன் ஒரு நொடி பொறுத்து, பந்து யாரிடம் போகிறது என்று பார்த்தால் தேவையற்ற ஆஃப்சைடுகள் கணிசமாகக் குறையும்.

விசில் ஊதிய பின் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். அதை எடுக்க வேண்டியது தவறு நடந்த இடத்தில், அதாவது அந்த ஆட்டக்காரர் பங்கெடுத்த இடத்தில். அவர் திரும்பி ஓடிவந்து தன் சொந்தப் பாதியில் பந்தைத் தொட்டிருந்தால் ஃப்ரீ கிக்கும் அந்தப் பாதியில்தான்.